சாமந்திக்கு ஏன் இரவில் விளக்கு?

சித்தூரைத் தாண்டிப் பலமநேர், குப்பம் பக்கம் இரவு பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். ஊரெல்லாம் உறங்குகிற நடுநிசியில், ஆளில்லாத வயலில் கல்யாண வீடு போல வரிசை வரிசையாகப் பல்புகள் எரியும். பன்றி விரட்டவா, பூச்சி பிடிக்கவா என்று நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அது சாமந்தித் தோட்டம். செடி பூத்துவிடாமல் இருப்பதற்காக விளக்கு எரிகிறது.

ரயில்வேயில் மின்பிரிவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். டிப்ளமா படித்தவனே தவிர, தாவரவியல் படித்தவன் அல்ல. பலமநேர் அருகே என் மைத்துனர் ஒன்றரை ஏக்கரில் சாமந்தி போட்டிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு அவர் தோட்டத்து வயரிங் வேலை என் தலையில் விழுந்தது. அதனால் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1920ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்ற இருவர் ஒரு புகையிலை ரகத்தை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார்கள். கோடை முழுவதும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்காத அந்தச் செடியைத் தினமும் சில மணி நேரம் இருட்டறையில் வைத்துப் பகலைக் குறைத்தபோது பூத்துவிட்டது. பூப்பதை முடிவு செய்தது வெயிலின் சூடோ உரமோ அல்ல, பகலின் நீளம். பிறகு 1938இல் ஹேம்னர், பானர் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போய், செடி உண்மையில் எண்ணுவது பகலை அல்ல, இடைவிடாத இரவைத்தான் என்று காட்டினார்கள். நீண்ட இருட்டின் நடுவே கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினால் போதும், அந்த இரவு செடியின் கணக்கில் சேராது.

இதற்கென்று செடியின் இலையில் ஒரு நிறமி இருக்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது ஒரு வடிவத்துக்கு மாறுகிறது, இருட்டில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. எங்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு டைம் டிலே ரிலே. போதுமான நேரம் இருட்டு கிடைத்தால்தான் ‘பூ’ என்ற சர்க்யூட் மூடும்.

சாமந்திக்கு, தோராயமாகச் சொன்னால், இரவு பத்தரை மணி நேரத்துக்கு மேல் போனால் மொட்டு வைக்கத் தொடங்கும். லண்டனில் ஜூன் மாத இரவு எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே சாமந்தி கோடை முழுவதும் தழைத்துவிட்டு இலையுதிர் காலத்தில் தானாகப் பூக்கும். திருப்பதியில் வருஷத்திலேயே நீண்ட பகல், ஜூன் 21 அன்று, ஏறக்குறைய 13 மணி நேரம். அப்போதும் இரவு 11 மணி நேரம் வந்துவிடுகிறது. ஆகவே நம் ஊரில் சாமந்திக்கு எந்நாளும் பூக்கும் காலம்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நட்ட நாற்று ஒரு சாண் உயரத்திலேயே நாலு பூவைக் காட்டிவிட்டு நின்றுவிட்டால் விவசாயி என்ன செய்வார்? அதனால்தான் நட்டதிலிருந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை விளக்கு. இரவு இரண்டு துண்டாகிவிடுகிறது. செடியும் கோடைகாலம் என்று நினைத்துக் கிளை விட்டுப் புதராகிறது. பிறகு ஒரு நாள் விளக்கை நிறுத்த வேண்டும். அங்கிருந்து ரகத்துக்கு ஏற்ப எட்டு முதல் பத்து வாரத்தில் பூ.

அந்த ‘ஒரு நாள்’தான் எல்லாம். 2025இல் விஜயதசமி அக்டோபர் 2, தீபாவளி அக்டோபர் 20. ஒன்பது வார ரகமானால் முதலாவதற்கு ஜூலை 31 அன்றும், இரண்டாவதற்கு ஆகஸ்ட் 18 அன்றும் விளக்கை அணைக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மார்க்கெட்டில் கிடைக்கும் விலை பூஜை முடிந்த மறுநாள் கிடைக்காது என்பது பூ வாங்குகிற நமக்கே தெரியும், விற்கிறவருக்குத் தெரியாதா!

திருமலையைப் புஷ்ப மண்டபம் என்று வைணவர்கள் சொல்வார்கள். ராமானுஜரின் சீடர் அனந்தாழ்வான் அங்கே நந்தவனம் அமைத்த கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு குறைவு. மலை மேல் பெண்கள் பூ வைத்துக்கொள்வதில்லை, சுவாமிக்குச் சாத்திய பூ பக்தர்களுக்குக் கிடைப்பதுமில்லை. 2021 முதல் தேவஸ்தானம் அந்தப் பூக்களிலிருந்து ஊதுவத்தி தயாரிக்கிறது. எத்தனை தோட்டத்து இரவுகள் அந்த வத்தியில் எரிகின்றனவோ!

கணக்குக்கு வருவோம். பத்தடிக்குப் பத்தடி ஒரு பல்பு என்றால் ஏக்கருக்குச் சுமார் 435 பல்பு. பழைய 100 வாட் குண்டு பல்பானால் 43 கிலோவாட்டுக்கு மேல், நாலு மணி நேரத்துக்கு 174 யூனிட். சிறு விவசாயிக்கு நடக்கிற காரியமா? 9 வாட் எல்.இ.டி. என்றால் நாலு கிலோவாட்டுக்குள், ஒரு இரவுக்கு 16 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். 2015இல் உஜாலா திட்டம் வந்து எல்.இ.டி. மலிவான பிறகுதான் இந்த வித்தை ஏழை வயலுக்கும் எட்டியது. பல்பு வாங்கும்போது மஞ்சள் சாயல் உள்ளதையே வாங்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் வெள்ளையில் செடிக்கு வேண்டிய சிவப்பு குறைவு. இன்னொரு சிக்கனமும் உண்டு. அரை மணிக்குப் பத்து நிமிடம் என்று விட்டு விட்டு எரிந்தாலும் சாமந்தி ஏமாந்துவிடும். தோட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி எரியவிட்டேன். லோடு மூன்றில் ஒன்றாகிவிட்டது.

இதில் அடி வாங்கியதும் உண்டு. முதல் வருஷம் மைத்துனர் மோட்டாரில் ஓடும் சாதாரண டைமர் வைத்திருந்தார். மின்வெட்டு வந்தால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பின்தங்கிப் பின்தங்கி, கடைசியில் விளக்கு காலை எட்டு மணிக்கு எரிந்து பன்னிரண்டுக்கு அணைந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் பல்பு எரிந்தால் யார் கண்ணில் படும்? ஒரு வாரம் கழித்துப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. மூன்று வாரத்தில் முழங்கால் உயரம்கூட இல்லாத செடியில் மொட்டு! அந்தப் போகத்தில் கூலிக்காசு கூடத் தேறவில்லை. தங்கைக்கு அந்த வருஷம் பிள்ளையின் காலேஜ் பீஸ் கட்ட நகையை அடகு வைக்க வேண்டி வந்தது. இப்போது உள்ளே பேட்டரி உள்ள எலக்ட்ரானிக் டைமர் வைத்திருக்கிறோம்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பல தோட்டங்களில் மூங்கில் குச்சியில் வயரைக் கட்டி, இணைப்பை வெறுமனே முறுக்கி விட்டிருக்கிறார்கள். கீழே ஈர மண், அதில் வெறுங்காலோடு நீர் பாய்ச்சும் பெண்கள். 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் ஒன்று போட்டால் ஓர் உயிர் தப்பும். ஊரில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் உங்களுக்கு இருந்தால் பணம் அனுப்பும்போது இதையும் கேளுங்கள்.

இதே கணக்கு வேறு செடிகளுக்கும் உண்டு. கனடாவில் 2018 முதல் சட்டப்படி கஞ்சா வளர்க்கும் கூடங்களில் 18 மணி நேரம் விளக்கு எரியும்வரை செடி வளர்கிறது, 12 மணியாகக் குறைத்ததும் பூக்கிறது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். எனக்கு அதைவிட வியப்பு நம் சம்பா நெல்தான். பழைய சம்பா ரகங்களைக் கொஞ்சம் முன்னே பின்னே விதைத்தாலும், இரவு நீளும் பருவம் வந்த பிறகே கதிர் தள்ளும். 1966இல் வந்த ஐ.ஆர். 8க்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் அதை எந்தப் பட்டத்திலும் நட முடிந்தது.

சென்ற மாதம் மைத்துனர் போன் செய்தார். சாலை ஓரத்து நாலு வரிசை மட்டும் மொட்டே வைக்கவில்லையாம். போய்ப் பார்த்தால், புதிதாக நட்ட தெரு விளக்கின் வெளிச்சம் விடிய விடிய அந்த நாலு வரிசையில் விழுகிறது. விளக்கின் வயல் பக்கத்தை மட்டும் ஒரு தகரத்தால் மறைக்கச் சொல்லி பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன்.