தலைச்சுற்று: பித்தமன்று, காது
காலையில் படுக்கையிற் புரண்டதும் அறை சுழல்கிறது. குமட்டலும் வாந்தியும் தொடர்கின்றன. பித்தமென்று தேசிக்காய்த் தண்ணீர் குடிப்போரும் பிரஷரென்று அஞ்சிக் கிடப்போரும் நம்மிடையே பலர். ஆனால் புரளும்போது தோன்றி ஒரு நிமிடத்துள் அடங்கும் சுற்று பெரும்பாலும் உட்செவிக் கோளாறே. சமநிலையை உணரத் துணைபுரியும் நுண்ணிய சுண்ணாம்புப் பளிங்குகள் இடம்பெயர்ந்து அரைவட்டக் கால்வாய்களுள் புகுந்துவிடுகின்றன. (இடம்பெயர்வோர் நாம் மட்டுமல்லர் போலும்!)

குளிசைகள் குமட்டலைத் தணிக்குமேயன்றிப் பளிங்கை அகற்றமாட்டா. அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் விவரித்த முறைப்படி, தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றைப் பழைய இடத்திற்கே சேர்க்கலாம். சில நிமிடங்களே செல்லும். கழுத்து நோயுள்ளோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். மொழி தெரியாதோர் ‘தலைச்சுற்று’ என்று மட்டும் கூறி நிறுத்தாது, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பவற்றை மொழிபெயர்ப்பாளர் மூலமேனும் வைத்தியரிடம் விளக்குங்கள். நோயை இனங்காண உதவுவன அவையே.

நாட்கணக்கில் நீடிப்பது செவி நரம்பழற்சியாகலாம். காதிரைச்சல், கேள்விக் குறைவுடன் மணிக்கணக்கில் வருவது மெனியர் நோயாகலாம். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் சோர்வு, நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும் பாரிசவாதமாக இருக்கக்கூடும். அப்போது தேசிக்காயைத் தேடாது உடனே அம்புலன்சை அழையுங்கள்.