மருந்துக் கடையில் கிடைத்த கடைவாய்ப்பல்

சீன மருந்துக் கடைகளில் நெடுங்காலமாக விற்கப்பட்டுவரும் சரக்குகளில் ஒன்று டிராகன் எலும்பு. குகைகளிலும் மண்ணடுக்குகளிலும் குடியானவர்கள் தோண்டியெடுத்து விற்கும் புதைபடிவங்கள்தாம் அவை. பழங்கால யானை, காண்டாமிருகம், குதிரை, மான் இவற்றின் எலும்பும் பல்லும். தூக்கம் வராதவர்களுக்கும் நெஞ்சு படபடப்பவர்களுக்கும் அதை இடித்துக் கஷாயத்தில் சேர்த்துக் கொடுப்பார்கள். எத்தனை அரிய உயிரினங்களின் தடயம் இப்படிப் பொடியாகிப் போனதோ, நினைத்தால் மனம் பதைக்கிறது.

ஒன்று தப்பியது. 1935-ல் ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்ட் என்ற தொல்லுயிர் ஆய்வாளர், ஹாங்காங் மருந்துக் கடையொன்றில் மிகப் பெரிய கடைவாய்ப்பல் ஒன்றைக் கண்டார். வாலில்லாக் குரங்கின் பல் அது. ஆனால் கொரில்லாவுக்குக்கூட அவ்வளவு பெரிய பல் கிடையாது. பீக்கிங் மனிதன் என்ற ஆதிமனிதனை ஆராய்ந்து முந்தைய ஆண்டு மறைந்த டேவிட்சன் பிளாக்கின் நினைவாக அதற்கு ஜைகாண்டோபிதிகஸ் பிளாக்கி என்று பெயரிட்டார்.

பின்னர் தென்சீனத்துக் குகைகளில் தேடியதில் ஏறத்தாழ 2000 பற்களும் நான்கு கீழ்த்தாடைகளும் கிடைத்தன. கை கால் எலும்போ மண்டையோடோ இன்றுவரை இல்லை. மூன்று மீட்டர் உயரம் என்று சொல்வதெல்லாம் பல்லையும் தாடையையும் வைத்துப் போட்ட கணக்குதான். 2016-ல் வந்த 'தி ஜங்கிள் புக்' படத்தில் இந்த இனமாகச் சித்திரிக்கப்பட்டு கிங் லூயியாக வரும் பூதாகாரமான குரங்கின் உடல்வாகும் பெரும்பகுதி கற்பனையே.

மற்ற எலும்புகள் எங்கே போயின? முள்ளம்பன்றிகள் தின்றுவிட்டன. அவற்றின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டும். இலை, கிழங்கு, மரப்பட்டையில் போதிய அளவு கிடைக்காத சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் எலும்பில் உண்டு. அதனால் செத்த விலங்குகளின் எலும்புகளை வளைக்கு இழுத்துச் சென்று கரண்டும். நம் ஊர் முள்ளம்பன்றிக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பல்லின் வேர் எலும்பைப் போலவே கொறிபட்டுவிடும். மேலே இருக்கும் எனாமல் மட்டும் மசியாது. உடம்பிலேயே கடினமான பொருள் அது. தென்சீனக் குகைகளில் கிடைக்கும் பற்கள் பலவும் வேரில்லாமல் தலைப்பகுதி மட்டுமாக இருப்பது இதனால்தான்.

அந்த எனாமல் இந்தக் குரங்குக்கு மிகத் தடிமனானது. அடர்காட்டின் நாருள்ள, கடினமான தாவரங்களை அரைத்துத் தின்ன ஏற்ற பல். அதற்குள் 19 லட்சம் ஆண்டுகளாகத் தங்கியிருந்த புரதத் துணுக்குகளை 2019-ல் படித்தறிந்தார்கள். ஒராங்குட்டான் இதற்கு நெருங்கிய உறவு என்பது உறுதியானது. 2024-ல் வெளிவந்த ஆய்வின்படி, சுமார் 2,95,000 முதல் 2,15,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்த இனம் அழிந்தது. பருவநிலை மாறிக் காடு திறந்தவெளியாகத் தொடங்கியபோது, அங்கிருந்த ஒராங்குட்டான்கள் கிடைத்ததைத் தின்னப் பழகிக்கொண்டன. பெருங்குரங்கோ சத்துக் குறைந்த நார்த்தீனியையே மேன்மேலும் நம்பியது. நீடித்த அந்த நெருக்கடியின் அடையாளங்களும் பல்லுக்குள்ளேயே பதிந்திருக்கின்றன.