தூந்திரத்து ஆற்று மணல் எங்கிருந்து வந்தது? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சைபீரியாவின் லேனா ஆறு பைக்கால் ஏரிக்கு அருகே மலையில் பிறந்து, சுமார் 4,300 கிலோமீட்டர் ஓடி ஆர்க்டிக் கடலைத் தொடுகிறது. அதன் தூந்திரக் கழிமுகத்தில் கையை விட்டால் பெரும்பாலும் மணலும் வண்டலும்தான். மலைக்கற்கள் எங்கே போயின?

வீட்டில் அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரிசி நீரோடு நழுவும், கல் அடியில் தங்கும். ஆறும் வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல்லை, பிறகு மணலை, கடைசியில் வண்டலை இறக்கிவிடும்.

சரி, மணல் பிறந்த ஊர்? மணலில் உள்ள கார்னெட் போன்ற கனத்த கனிமத் துகள்கள் லேசில் சிதையா. அவை எந்தப் பாறையில் உண்டோ, அதுதான் முகவரி!

இந்தத் தூந்திரத்தில் இன்னொரு வேடிக்கை. பனியுக வண்டலுக்குள் பனிக்கட்டி ஆப்புகள் நிற்கின்றன. குளிரில் நிலம் வெடிக்கும். வசந்தத்தில் உருகுநீர் வெடிப்பில் இறங்கி உறையும். ஒவ்வோர் ஆண்டும் சேர்வது மெல்லிய இழைதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அதுவே பல மீட்டர் அகலச் சுவர்.