மருந்தடிக்கும் முன் எண்ணிப் பாருங்க!



நடவு நம் கைவேலை. பூச்சித் தடுப்பும் அங்கேயே தொடங்குது. குருத்துப்பூச்சி நாற்றின் இலை நுனியில் முட்டை வைக்கும். நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு நடுவோம். 8 அடிக்கு ஒருமுறை 1 அடி இடைவெளி விட்டால் புகையான் குறையும்.

புகையானைக் கண்டதும் மருந்துக்கடைக்கு ஓடாதீங்க, எண்ணுங்க. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லையென்றால் 1. கண்டபடி அடித்தால் சிலந்தி சாகும், புகையான் பெருகும். இதனால்தான் இந்தோனேசியாவில் 1986-ல் நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தார்கள்.

அளவு தாண்டினால் தண்ணீரை வடிப்போம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் கரைசலாக்கித் தூரில் படும்படி தெளிப்போம்.

குழுவில் வாங்கிய கடன் மருந்தாகக் கரைய வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு எண்ணிக்கையோடு வாங்க!