முற்றத்துக் கொட்டகை – 9: பெரியம்மா பார்த்த மாங்குளம்

போன கிழமை லாண்ட்மாஸ்டரில் ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வந்து இறங்கிய கதையோடு நிறுத்தியிருந்தேன். படம் போடும் வரிசையைச் சொல்ல மறந்துபோனேன். முதலாவது எம்.ஜி.ஆர். படம், கிழவர்மாருக்கு. அது முடிய அவர்கள் எழும்பிப் படுக்கப் போய்விடுவார்கள். இரண்டாவது சிவாஜி, பொம்பிளைகள் அழுவதற்கு. மூன்றாவதுதான் இளந்தாரிகளின் புதுப்படம். அந்தப் புதுப்படத்தின் கடைசிக் கட்டத்தை எங்கள் பக்கம் கண்டவர்கள் குறைவு. தடைக் காலம். எரிபொருளும் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஜெனரேற்றரை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். விடியப்புறம் மண்ணெண்ணெய் முடிய, படம் சுருங்கி, வெள்ளைப் புள்ளியாகி, அணைந்துவிடும். என் வயதுக்காரருக்கு எத்தனையோ ரஜினி படங்களில் வில்லன் இன்னும் சாகவில்லை.

சிவாஜி மிகையாக நடிக்கிறார் என்று இப்போது பிள்ளைகள் சொல்கிறார்கள். கரண்ட் உள்ள அறையில், கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ‘பாசமலர்’ பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலை நான் முதலில் கேட்டது பத்து யார் தள்ளி ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருந்த முற்றத்தில். கடைசிப் பாயில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கும் அந்த இரைச்சலை மீறி ஒரு சொல் விடாமல் போய்ச் சேர்ந்தது.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ அதே முற்றத்தில் படுதோல்வி. 1979-இல் வந்த படம், புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடியாக வைத்தது. அதில் ஆட்கள் பேசாமல் நிற்கும் இடங்களில்தான் கதை நடக்கிறது. எங்களுக்கோ அந்த இடங்களில் எல்லாம் ஜெனரேற்றர் மட்டும் பேசியது. “ரீவியில சத்தம் வரேல்லை” என்று ஒருவர் கத்த, அரைவாசியில் கசற்றை உருவிவிட்டார்கள். பத்து வருசத்துக்கும் மேல் கழித்து, கரண்ட் வந்த வீட்டில், தனியே இருந்து அதை முழுதாகப் பார்த்தேன். ஊரே சேர்ந்து அந்தச் சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறக்குகிறது, கரையில் இரண்டு பிள்ளைகள் நிற்கின்றன. அன்றைக்குக் கசற்றை உருவியதற்கு நான் நன்றிதான் சொல்வேன். பன்னிரண்டு வயதில் பார்க்க வேண்டிய முடிவு இல்லை அது.

சரி, தலைப்புக்கு வருகிறேன்.

மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002 பெப்ரவரி 14-இல் வெளிவந்தது. அரசாங்கமும் புலிகளும் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்தது பெப்ரவரி 22. எட்டு நாள் இடைவெளி. சமாதானம் வந்தால் வா என்று தாய் மகளைத் திருப்பி அனுப்பும் படம் சென்னைத் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருக்க, இங்கே சமாதானம் வந்துவிட்டது போலத்தான் இருந்தது. உயிலங்குளம் என்றால் அப்போது ஊர் இல்லை, வாசல். இந்தப் பக்கம் ஆமி சென்றி, நடுவில் சூனியப் பகுதி, அந்தப் பக்கம் இயக்கத்தின் சோதனைச் சாவடி. கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில் விளைந்த நெல்லும், மடுவுக்குப் போகும் சனமும், மன்னார் டவுனிலிருந்து வரும் பாணும் சீடியும் அந்த வாசலால்தான் போய்வந்தன.

எங்களுக்கு வந்தது தியேட்டருக்குள் கமெராவைக் கொண்டுபோய் எடுத்த கொப்பி. படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நடுவில் ஒரு தலை எழும்பித் திரையைக் குறுக்கே கடந்தது. முன்வரிசையில் இருந்த பெரியம்மா, “இரு மோனை, மறைக்காத” என்று அதட்டினா. முற்றம் முழுக்கச் சிரித்தது. படத்துக்குள் இருந்த அந்தத் தலையும் அவசரமாகக் குனிந்துகொண்டே போனது.

சிரிப்பு அதோடு சரி. பெற்ற தாயான சியாமா படகேறி ராமேஸ்வரம் போகும் கட்டத்திலிருந்து பெரியம்மா நீதவான் ஆகிவிட்டா. 1990-இல் பேசாலையால் படகேறிப் போனவ. ஓட்டி அவர்களைக் கரையில் விடாமல், நடுக்கடலில் மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்று, பிறகு யாரோ மீனவர் ஏற்றிப்போய், கடைசியில் மண்டபம் முகாம். என் தங்கச்சி முறையானவள் பிறந்தது அங்கேதான். அவளின் பிறப்புச் சான்றிதழில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருக்கிறது.

“கடல் சரி,” என்றா பெரியம்மா. “இடுப்பளவு தண்ணியில பிள்ளையளைத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நிண்டது எங்க? அரிசிக்கு நிண்ட வரிசை எங்க?” மாங்குளம் வந்தபோது எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். மாங்குளம் எங்களுக்குத் தெரிந்த இடம். ஏ9 பாதையில், காட்டுக்கு நடுவே, வெக்கையில் கிடக்கிற சந்தி. படத்தை மாங்குளத்தில் எடுக்கவில்லை, போர்க்காலத்தில் எடுக்கவும் முடியாது. அது முற்றத்துக்கு விளங்கவில்லை. “இது எந்த மாங்குளம்?” என்று ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு குரல். நானும் அன்று அந்தக் கட்சிதான். பிழைகளை எண்ணி எண்ணியே படத்தை முடித்தேன்.

தமிழ்நாட்டுப் படங்களில் எங்கள் நாடு வந்தால் நாங்கள் எல்லாரும் கணக்கப்பிள்ளைகள் ஆகிவிடுகிறோம். ‘பைலட் பிரேம்நாத்’தில் (1978) சிவாஜியோடு மாலினி பொன்சேகா நடித்தா. ‘புன்னகை மன்ன’னில் (1986) ரேவதி சிங்களப் பெண், அவளுக்கும் பெயர் மாலினி. பாலசந்தருக்கு வேறு பெயர் அகப்படவில்லையா என்று என் மாமா ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். ‘தெனாலி’க்கு (2000) முற்றம் உருண்டு சிரித்தது. கமல் எங்கள் பேச்சை இழுத்து இழுத்துப் பேசினார், ஆனால் பேசினார், அதற்கே கைதட்டு. அந்த மனிசனின் பயத்துக்குக் காரணம் இங்கத்தைய சண்டை என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டு, படம் அடுத்த பகிடிக்கு ஓடிவிடும். அந்த ஓட்டம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

போன மாதம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரும்பப் பார்த்தேன். இம்முறை நல்ல பிரதி, சரியாத திரை, குறுக்கே போகத் தலையும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அது சென்னையில் ஒரு வீட்டின் கதை. சிம்ரன் செய்த இந்திரா, பெறாத பிள்ளையைப் பெற்றவளிடம் கூட்டிப்போகிறாள், அவள் முகத்தில் முழு நேரமும் இரண்டு பயம் ஓடுகிறது: தாய் கிடைக்காமல் போய்விடுவாளோ, கிடைத்துவிடுவாளோ. 2002-இல் நாங்கள் ஒருவரும் சிம்ரனைப் பார்க்கவே இல்லை. சண்டைக் காட்சிகளைப் பற்றி மட்டும் என் எண்ணம் மாறவில்லை. வெடி விழும் இடத்தில்கூட ஒளி அழகாக விழுகிறது. ஷெல் அடித்த இடத்தில் நின்றவருக்கு முதலில் வருவது தூசும் செவிட்டுக் காதும்.

பெரியம்மா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தா. வயது எழுபத்தெட்டு. படகுக் கட்டம் வருமுன்னரே தூங்கிவிட்டா. கடைசியில் பூங்காவில் மழை பெய்யத் தொடங்கிய சத்தத்துக்குக் கண் திறந்தா. தாயும் மகளும் எதிரெதிரே நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

“இந்தப் பிள்ளைக்கு அப்ப என்ன வயசு?”

“ஒன்பது, பெரியம்மா.”

விரலை மடித்து எண்ணினா. “அப்ப எங்கட இவளுக்கு ரெண்டு மூண்டு வயசு இளசு.” பிறகு மழைச் சத்தத்தை இன்னொரு தடவை உற்றுக்கேட்டு, “வெளியிலயும் தூறுதோ? கொடியில உடுப்புக் கிடக்கு,” என்று எழும்பிப் போனா.

(தொடரும்)