போன்ல பளிச், பிரின்ட்ல மங்கல்... ரெசல்யூஷன் குறைந்த போட்டோவைச் சரிசெய்வது எப்படி?

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், அன்றைக்கே யாராவது கேட்கும் கேள்வி, ``நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?'' என்பதுதான். போஸ்டருக்கு, பேப்பர் விளம்பரத்துக்கு, காரியத்தன்று மாலை போடும் படத்துக்கு என எல்லாவற்றுக்கும் ஒரே முகம் வேண்டும். தேடினால் கிடைப்பதோ, கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் நிற்கும் தாத்தா. அதுவும் வாட்ஸ்அப்பில் வந்த காப்பி. ஸ்டூடியோவில் கொடுத்தால், ``இதைப் பெருசாக்கினா உடைஞ்சிடும் சார்'' என்பார்கள். `போன்ல பார்க்க நல்லாத்தானே இருக்கு?' என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். என்னதான் உடைகிறது?

எல்லாம் புள்ளிக் கணக்கு!

டிஜிட்டல் போட்டோ என்பது சின்னச் சின்ன கட்டங்களால் ஆன கோலம் மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம். இந்தக் கட்டம்தான் பிக்சல். அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 பிக்சல்கள் இருந்தால் மொத்தம் 1.2 கோடி. அதைத்தான் 12 மெகாபிக்சல் என்கிறோம். 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் முதன்முதலாக ஸ்கேன் செய்த டிஜிட்டல் படம், அவருடைய கைக்குழந்தையின் முகம். அதில் இருந்தது வெறும் 176-க்கு 176 பிக்சல்கள்.

பிரின்ட் போடும்போது, ஓர் இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல்கள் விழுகின்றன என்பதுதான் முக்கியம். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு இன்ச்சுக்கு 300 இருந்தால் அருமை. சுவரில் மாட்டி சில அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலே சமாளிக்கலாம். ரோட்டோர ஃப்ளெக்ஸ் பேனருக்கு இன்னும் குறைவாக இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு ரொம்ப சிம்பிள். பிக்சல் எண்ணிக்கையை இன்ச்சால் வகுத்துப் பாருங்கள். 1,600-க்கு 1,200 பிக்சல் படத்தை 6-க்கு 4 இன்ச்சில் போட்டால் இன்ச்சுக்கு 260-க்கும் மேல் கிடைக்கும்; நன்றாகவே இருக்கும். அதையே 18 இன்ச் நீளத்துக்கு இழுத்தால் 89-தான். இப்போது குரூப் போட்டோவுக்கு வருவோம். அதில் தாத்தாவின் முகம் மட்டும் 120 பிக்சல் அகலம் என்றால், ஃப்ரேமில் 6 இன்ச் அகலத்துக்கு வரும்போது இன்ச்சுக்கு 20 பிக்சல்தான். `உடையுது' என்று சொல்வது இதைத்தான்.

சிலர் கம்ப்யூட்டரில் டி.பி.ஐ என்ற இடத்தில் 72-ஐ அழித்துவிட்டு 300 என்று மாற்றுவார்கள். அது எத்தனை இன்ச்சில் அச்சிட வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே. பிக்சல் ஒன்றுகூடக் கூடாது.

தரம் எங்கே தொலைகிறது?

பெரும்பாலும் நாம் அனுப்பும்போதுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால், படத்தின் அளவையும் குறைத்து, இறுக்கியும்தான் அனுப்பும். ஜேபெக் முறையில் படம் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து இறுக்கப்படுகிறது. அதிகமாக இறுக்கினால் அந்தக் கட்டங்களே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். டவுன்லோடு செய்து எடிட் பண்ணி மறுபடி அனுப்புவது, ஸ்டேட்டஸில் வைப்பது, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது என ஒவ்வொரு படியிலும் தரம் இன்னும் கொஞ்சம் போகும்.

அதனால், படத்தைச் சரிசெய்யும் ஆப்பைத் தேடுவதற்கு முன்பு ஒரிஜினலைத் தேடுங்கள். படம் எடுத்தவரின் போன், பழைய மெமரி கார்டு, கூகுள் போட்டோஸ், கல்யாண ஸ்டூடியோ கொடுத்த சிடி... எல்லாவற்றையும் பாருங்கள். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் `டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். படம் குறையாமல் அப்படியே வரும். 2023-ல் வந்த ஹெச்.டி ஆப்ஷன் சாதாரணத் தரத்தைவிட மேல்தான், ஆனாலும் டாக்குமென்ட்டுக்கு ஈடாகாது.

பேப்பர் போட்டோ இருந்தால் போனில் படம் எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்தையே 1,200 டி.பி.ஐ-யில் ஸ்கேன் செய்தால் சுமார் 1,650-க்கு 2,100 பிக்சல்கள் கிடைக்கும். ஆனால், அந்த பிரின்ட்டில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறதோ அவ்வளவுதான் வரும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும்.

ஏ.ஐ செய்வது என்ன?

ஒரிஜினல் கிடைக்கவே இல்லையா? பெரிதாக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையில், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் நிறத்தை வைத்து நடுவில் புதுப் பிக்சல்களை நிரப்புவார்கள். கட்டம் கட்டமாகத் தெரியாது. ஆனால் படம் மசமசவென்று இருக்கும். இரண்டாவது, ஏ.ஐ. அடோபியின் `சூப்பர் ரெசல்யூஷன்' அகலம், உயரம் இரண்டையும் இரு மடங்காக்கும். `அப்ஸ்கேல்' என்ற இலவச மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கும். குடும்பப் படத்தை முன்பின் தெரியாத வெப்சைட்டில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆனால், ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஏ.ஐ தொலைந்துபோனதை மீட்பதில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய அனுபவத்தில், `இங்கே இப்படித்தான் இருந்திருக்கும்' என்று புதிதாக வரைகிறது. புடவைக் கரை, மரத்தின் இலை என்றால் பிரச்னையில்லை. முகம் அப்படியில்லை. 2020-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் `பல்ஸ்' என்ற கருவியில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது, வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். அந்தக் கருவி கற்பனை முகங்களைத்தான் உருவாக்கும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருந்தார்கள்.

உங்கள் பாட்டிக்கும் இது நடக்கலாம். கன்னத்து மச்சம் மறையும், மூக்குத்தி நிழலாகிவிடும், லேசான மாறுகண் நேராகிவிடும், சுருக்கம் போய்த் தோல் பொம்மை மாதிரி வழுவழுப்பாகும். படம் ரொம்பத் தெளிவாக இருக்கும். ஆனால், அது பாட்டியாக இருக்காது.

எப்படித் தவிர்ப்பது?

* முதலில் ஒரிஜினலை ஒரு காப்பி எடுத்துத் தனியாக வையுங்கள்.

* இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும்போது ஒவ்வொரு முறையும் பழைய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண், பல், காது மூன்றையும் முதலில் கவனியுங்கள்.

* முகத்தைத் தனியாகத் திருத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அல்லது குறைவாக வையுங்கள். ஸ்டூடியோவில் கொடுத்தால், ஏ.ஐ படத்தைப் பழைய படத்தின் மேல் பாதி அளவுக்கு மட்டும் கலக்கச் சொல்லுங்கள்.

* பிரின்ட் போடும் முன்பு அவரோடு வாழ்ந்தவரிடம் காட்டுங்கள். ``யாரு மாதிரியோ இருக்கே'' என்று அவர் சொன்னால், அந்தப் படம் வேண்டாம்.

* 12-க்கு 18 அடம்பிடிக்காதீர்கள். பெரிய ஃப்ரேமில் அகலமான வெள்ளை பார்டர் விட்டு, உள்ளே படத்தைச் சின்னதாக வையுங்கள். பார்க்கவும் கௌரவமாக இருக்கும்.

* அடையாளச் சான்று, போலீஸ் புகார் போன்றவற்றுக்கு ஏ.ஐ தீட்டிய முகத்தைக் கொடுக்கவே கூடாது.

இதெல்லாம் படம் இல்லாதபோது செய்யும் வைத்தியம். உங்கள் போனில் 12 மெகாபிக்சலோ அதற்கு மேலோ இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் போய் தனித்தனியாக நான்கு படம் எடுங்கள். `எதுக்குப்பா இப்போ?' என்று கேட்டால், டிபி மாத்தணும் என்று சொல்லிக்கொள்ளலாம்!