நாளுக்கொரு புகைப்படம்

ஆகஸ்ட் விடுமுறையில் மடுத் திருப்பதிக்குக் குடும்பமாகச் செல்வோர் பலர். 6ஆம் திகதி கொடியேற்றம், 15ஆம் திகதி திருவிழா. இடைப்பட்ட நாள்களில் மரநிழலில் கூடாரம் அமைத்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, நவநாள் வழிபாடுகளில் பங்குகொள்கிறீர்கள். இம்முறை கைத்தொலைபேசியில் நாளொன்றுக்கு ஒரேயொரு படம் மாத்திரம் எடுத்துப் பாருங்கள். இளையோர் முகம் சுளிக்கக்கூடும்.

ஒன்றுதான் என்றால் தெரிவுசெய்ய வேண்டும். தெரிவுசெய்வதற்கு உற்றுப் பார்க்க வேண்டும். ஆலய முகப்பை எவரும் எடுப்பர். விறகுப் புகையில் கண் கலங்கி நிற்கும் அம்மாவை, செபமாலையைப் பற்றியபடியே உறங்கிப்போன அம்மம்மாவை யார் எடுப்பது? படம் பிடிப்பவரோ படத்தில் இருப்பதில்லை. ஆதலால் தொலைபேசியை நாள்தோறும் கைமாற்றுங்கள். சிறுவர்களிடமும் ஒருநாள் கொடுங்கள்; எவருடைய தலையாவது வெட்டுப்பட்டால் பரவாயில்லை.

வீடு திரும்பியதும் அவற்றை அச்சிட்டு, பின்புறத்தில் பெயரும் திகதியும் எழுதுங்கள். 2008 ஏப்ரலில் போர் நெருக்கடியால் மடு அன்னையின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டிலும் 2009இலும் வன்னியில் எத்தனையோ குடும்பங்கள் திருமண அல்பத்தையும் விட்டுவிட்டே உயிர்தப்பின. அடையாள அட்டையிலுள்ள சிறு படமன்றித் தந்தையின் முகத்தைக் காண வேறு வழியற்றோர் நம்மிடையே உள்ளனர். புலம்பெயர்ந்த உறவினர் பேணி வைத்திருந்த பிரதிகளால் மாத்திரமே சிலருக்கு அம்முகங்கள் மீண்டும் கிடைத்தன. ஆகவே இவ்விடுமுறைப் படங்களிலும் ஒவ்வொரு பிரதியை வேறூரில் வாழும் உறவினருக்கு அனுப்பிவையுங்கள்.